காலெண்டுலா பறிக்கிற நேரம்

பத்து மணிக்குத் துளசியை இடது பக்கம் திருப்பிப் படுக்க வெச்சு, முதுகுக்கு ஒரு தலகாணி, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒரு தலகாணி அண்டக் குடுத்து, போனை அவ கைக்கு எட்டற மாதிரி வெச்சுப்போட்டு, இருபத்திரண்டு படி ஏறி மூச்சு வாங்க மாடிக்கு வந்தா, இந்தப் பூவுங்க இன்னும் அரைக்கண்ணைத்தான் தொறந்திருக்குது. எட்டு மணியிலிருந்து வெயிலு அடிக்குது. பக்கத்து வீட்டுச் செம்பருத்தி எப்பவோ விரிஞ்சு, அந்தம்மா பறிச்சு சாமிக்கும் வெச்சாச்சு. இதுக்கு மட்டும் பனி காயணும், சூடு ஏறணும், காத்து அடங்கணும், அப்பறந்தான் தொரை வெளிய வருவாரு. உச்சி வெயிலுல துவண்டு, பொழுதோட மறுபடியும் மூடிக்குவாரு. நடுவுல ஒரு ரெண்டு மணி நேரம், அதுக்குள்ள பறிச்சாத்தான் உண்டு. அதுவும் துளசியோட சட்டம் இருக்குதே, அது மில்லுச் சட்டத்தை விடப் பெருசு. இதழ்ல ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் பறிக்கக் கூடாது. பாதி விரிஞ்சதைப் பறிக்கக் கூடாது. முந்தாநாள் விரிஞ்சு தொங்கறதை விட்டும் வெக்கக் கூடாது, விட்டா வெதை புடிச்சுரும், வெதை புடிச்சா செடி தன்னோட வேலை முடிஞ்சுதுன்னு பூக்கறதையே நிறுத்திப்போடும். பறிக்கப் பறிக்கத்தான் பூக்குமாமா. அப்ப என்ற கதி? சின்னதும் பெருசுமா முப்பத்தியொரு தொட்டி, பாதி பெயிண்டு வாளி, ரெண்டு ஒடைஞ்ச குடம், ஒண்ணு நான் குளிச்சுட்டிருந்த பக்கெட்டு. எல்லாத்துலயும் ஆரஞ்சு ஆரஞ்சா நின்னுக்கிட்டு என்னையவே பாக்குது. போன் அடிக்குது பாரு. ஏறி வந்து அஞ்சு நிமிசம் ஆகலை. பனி காஞ்சிருச்சுங்களான்னு கேக்கறா. இன்னும் இல்லைங்கறேன். தொட்டுப் பாத்தீங்களா, கண்ணுல பாத்தீங்களாங்கறா. கண்ணுலதான் பாத்தேன். தொட்டுப் பாருங்கங்கறா. தொட்டேன். ஈரமாத்தான் இருக்குது. சொன்னா, அதைத்தான் நானும் சொல்றேன்னு போனை வெச்சுட்டா. அறுபத்தெட்டு வயசுல ஒரு மனுசனைப் பூவைத் தொட்டுப் பாத்து ரிப்போர்ட் குடுக்க வெக்கறா.

பக்கவாதத்துல என்ற பொண்டாட்டி துளசிக்கு வலது கை, வலது கால் ரெண்டும் போயி எட்டு மாசம் ஆகுது. வாய் மட்டும் ரெண்டே வாரத்துல திரும்பி வந்துருச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை, இந்த நாப்பத்தி மூணு வருசத்துல அந்த வாய் ரெண்டு வாரம் லீவு எடுத்ததே அதிகம். அப்படிச் சொல்றேனே ஒழிய, அந்த ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள எனக்குக் கிறுக்குப் புடிக்காத குறை. சாமி, என்னைய நாலு திட்டாவது திட்டச் சொல்லுன்னு வேண்டிக்கிட்டேன். கேட்டுது, நல்லாவே கேட்டுது. இந்தச் செடி அதுக்கு முந்தியே வந்தது. கோத்தகிரியில அவ கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தி ஒரு பொட்டலம் வெதை குடுத்தா. வெதையைப் பாத்தா காஞ்ச புழு சுருண்டு கெடக்கற மாதிரி இருந்துது, இதைப் போயி எவனாவது போடுவானான்னேன். ஐப்பசியில போட்டா, மார்கழியில பூத்துது. வாரவங்க போறவங்க எல்லாம் செண்டுமல்லியா, சாமந்தியான்னு கேக்க, அவ ஒவ்வொருத்தருக்கும் உக்கார வெச்சுப் பாடம் நடத்துவா. இது காலெண்டுலாங்க, மோந்து பாருங்க, செண்டுமல்லி வாசமா அடிக்குது, காம்பைத் தொடுங்க, பிசுபிசுங்குதா, அந்தப் பிசின்லதான் மருந்தே இருக்குதுன்னு. இதழைக் காய வெச்சு, செக்கு எண்ணெயில போட்டு, துணி கட்டி ஜன்னலோரம் நாப்பது நாள் வெச்சு, வடிகட்டி, அவ பித்தவெடிப்புக்குத் தடவுனா. அக்கம்பக்கத்துப் புள்ளைங்களுக்கு இடுக்குல செவந்தா ஒரு சின்னக் குப்பியில ஊத்திக் குடுப்பா. சோத்துல ரெண்டு இதழைத் தூவி எனக்கும் போட்டா ஒருநாள். என்னடி சோத்துல பூவு, நான் என்ன சாமி சிலையான்னு கேட்டேன். தின்னுட்டுத்தான் கேட்டேன். இப்ப அவ கீழ கெடக்கறா, நான் மேல நிக்கறேன். அவ எண்ணெயை அவ தோலுக்கே நான் தடவோணும். படுத்தே கெடக்கறவங்களுக்குத் தோலுதான் மொதல்ல கெடும், தோலைக் காப்பாத்துனா பாதி ஆளைக் காப்பாத்துன மாதிரின்னு டிஸ்சார்ஜ் அன்னிக்குச் சொல்லி அனுப்புனாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வெக்கோணும். அவ்வளவுதான் வேலை. கேக்கறப்ப எவ்வளவு சுளுவா இருக்குது.

சரி, இந்த வரிசையில நாலு விரிஞ்சிருச்சு. பூவுக்குக் கீழ ரெண்டு விரலைக் குடுத்துக் கிள்ளோணும், காம்பை இழுத்தா செடியே ஆட்டங்கண்டுரும். விரலெல்லாம் பிசின், மூக்கு அரிச்சா சொறிய முடியாது. அரிக்கறதும் இப்பத்தான் அரிக்கும். இந்தத் தொட்டியில அசுவினிப் பூச்சி. பச்சைப் பச்சையா மொட்டைச் சுத்தி அப்பிக்கிட்டிருக்குது. நேத்துத்தான் சோப்புத் தண்ணி அடிச்சேன், குளிச்சு முடிச்சு ஒரம்பரை, சொந்தபந்தம் சகிதமா வந்து உக்காந்திருக்குதுங்க. மில்லுல முப்பத்தினாலு வருசம் ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தவன் நான். நாச்சிமுத்து மாஸ்டர் உள்ள வந்து காத்தை மோந்தாலே ஈரம் எத்தனைன்னு சொல்லிருவாருன்னு பேரு. பஞ்சுல ஈரம் கூடுனாலும் நூலு கெடும், கொறைஞ்சாலும் நூலு அறும், அதுதான் என்ற பொழப்பே. அந்த நான், மொதல் பாட்டில் எண்ணெயை எப்படிப் போட்டேன்? பூவை முழுசா, தலையோட, மூணே நாள் காய வெச்சுட்டு எண்ணெயில போட்டுட்டேன். மேல இதழ் மொறுமொறுன்னு இருந்துது, தொட்டுப் பாத்து ஆச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். நடுவுல அந்தப் பச்சைக் குமிழுக்குள்ள ஈரம் ஒளிஞ்சு கெடந்துது. அது காய ஒரு வாரம் ஆகுமாமா. துளசி சொன்னா, படுத்துக்கிட்டே சொன்னா, ஒண்ணை எடுத்து ஒடைச்சுப் பாருங்க, சட்டுனு ஒடையுதா, வளையுதான்னு பாருங்கன்னு. எனக்குத் தெரியாததான்னேன். இருபதாம் நாள் மூடியைத் தொறந்தா வெள்ளையா பூசணம், நாத்தம். அதை அவளுக்குத் தெரியாம சிங்க்குல கொட்டிரலாம்னு பாத்தேன். நாத்தம் அவகிட்டப் போயிச் சொல்லிருச்சு. திட்டுவான்னு தயாரா நின்னேன். திட்டலை. இடது கையால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதா. கை கால் போனப்ப அழுகாதவ, ஒரு பாட்டில் எண்ணெய்க்கு அழுகறா. என்ற கையில இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமான்னா.

அதுலதான் எனக்கு ரோசம் வந்துது. அந்த ரோசத்தைக் கொண்டு போயி ஒலையில போடோணும். மறுநாளு காத்தால பத்து மணிக்கு அவளைத் திருப்பி வெச்சுட்டு மேல வந்தேன். இன்னிக்கு மாதிரியே. பழைய வேட்டி ஒண்ணை விரிச்சு, பறிச்சு வெச்ச எரநூறு பூவையும் முன்னால கொட்டி, ஒவ்வொண்ணா இதழைப் பிரிச்சு, குமிழைத் தனியா, இதழைத் தனியா போட்டேன். குமிழைத் தனியாக் காய வெச்சா ஈரம் எங்க போயி ஒளியும்னு பாக்கலாம்னு. நெழல்ல உக்காந்திருந்தேன். நல்ல காத்து. இந்த எட்டு மாசத்துல கை ஒரு வேலையில நின்னதே அன்னிக்குத்தான். ஒண்ணு, ரெண்டு, பத்து, நூறுன்னு போயிட்டே இருந்தேன். மில்லுல நூலுக் கோன் ஓடறதைப் பாத்துட்டு நிக்கறப்ப இப்படித்தான், நேரம் போறதே தெரியாது. என்ற போனைக் கீழயே சார்ஜுல போட்டுட்டு வந்திருந்தேன், பன்னண்டு மணி அலாரம் கீழ அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுருக்குது. கடைசிப் பூவைப் பிரிச்சுட்டு நிமுந்து பாத்தா நெழலு கெழக்கே திரும்பிக் கெடக்குது. கீழ போயி கடியாரத்தைப் பாத்தா ரெண்டரை. நாலரை மணி நேரம். திருப்பிப் பாத்தா, முதுகுக்குக் கீழ, வால் எலும்பு மேல, ஒரு ரூபா காசு அகலத்துக்குச் செவந்து தோலு உரிஞ்சு நிக்குது. தலகாணி எப்பவோ நழுவி, அவ மல்லாந்தே கெடந்திருக்கறா. ஏண்டி கூப்பிடலை, வாய் இருக்குதல்ல, அத்தனை பெரிய வாய் இருக்குதல்லன்னு கத்துனேன். நல்ல சத்தமாவே கத்துனேன். அவ என்ன சொன்னா தெரியுமா. நீங்க மேல சீட்டியடிக்கற சத்தம் கேட்டுதுங்க, அதுதான் கூப்பிடலைன்னா. நான் சீட்டியடிச்சதே எனக்குத் தெரியாது. எத்தனை வருசமாச்சு சீட்டியடிச்சு. எந்தப் பொம்பளையாவது புருசன் சீட்டியடிக்கறதைக் கேக்கறதுக்குத் தோலை உரிச்சுக் குடுப்பாளா. என்ன ஜென்மம் இவ. இதைப் பத்தி யாருகிட்டப் போயிச் சொல்றது. தோலைக் காப்பாத்தற எண்ணெய்க்காகப் பூவை உரிச்சவன் பொண்டாட்டி தோலை உரிச்சுப்போட்டான்னு சொன்னா ஊரு சிரிக்காதா. எனக்கே சிரிப்பு வரோணும். வரலை.

பன்னண்டு நாளாச்சு. பன்னண்டு நாளா அது என்ற நெஞ்சு மேல உக்காந்திருக்குது. வாரத்துக்கு ரெண்டு நாள் ஜெசிந்தா சிஸ்டர் வந்து கட்டு மாத்திட்டுப் போறாங்க. ஆழமில்லைங்க, ஒழுங்காத் திருப்புனீங்கன்னா ஆறிரும்னாங்க. இந்த எண்ணெயைப் போடலாங்களான்னு கேட்டேன். புண்ணு மேல ஒண்ணும் வெக்கக் கூடாது, சுத்தி நல்லா இருக்கற தோல்ல வேணாத் தடவிக்கங்கன்னாங்க. அப்ப எதுக்கு இந்த முப்பத்தியொரு தொட்டி? எதுக்கு நான் இங்க நிக்கறேன்? ஏன்னா கீழ ஒருத்தி போன்ல கேக்கறா, இப்பவும் கேக்கறா, எத்தனை பறிச்சீங்கன்னு. இருபத்தேழுங்கறேன். பூத்த மொத மாசமே இந்நேரத்துக்கு நான் எம்பது பறிச்சுருவேனுங்கறா. நீ எம்பது பறிச்சவதான், வந்து பறின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன். முழுங்கறதே ஒரு வேலையாப் போச்சு. பொண்ணு மேகலா எத்தனை மணிக்கு வருவான்னு கேக்கறா. ஒரு மணின்னுதான் போன்ல சொன்னா, ஆனா அந்த ரயிலு என்னிக்கு நேரத்துக்கு வந்துதுங்கறேன். வீட்டைக் கூட்டுனீங்களான்னு கேக்கறா. கூட்டுனேன். கட்டிலுக்கு அடியில? கூட்டுனேன்டி. பொய். கட்டிலுக்கு அடியில எவ பாக்கப் போறா. மேகலா பாப்பா. எங்க பொண்ணு அதைத்தான் மொதல்ல பாப்பா, அம்மாவோட பொண்ணு.

போன தடவை தீபாவளிக்கு வந்தப்ப, இதே படியில உக்காந்துதான் சொன்னா. சென்னையில அவ வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஹோம் இருக்குதாமா, படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாத்துக்கறதுக்குன்னே. தோட்டம் இருக்குது, டாக்டர் தெனமும் வாராரு, மூணு ஷிப்டு போட்டு ஆளுக திருப்பிப் படுக்க வெக்கறாங்க, நீங்க ஒருத்தரே மூணு ஷிப்டையும் பாக்கறீங்கப்பா, மில்லுல இப்படி விட்டிருப்பீங்களான்னா. புத்திசாலி, எங்க அடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சு அடிப்பா. நான் முடியாதுன்னேன். ஒரு ஆளை வெச்சுக்கங்கன்னா. அதுக்கு முன்னாலயே ஒருத்தியை வெச்சுப் பாத்தாச்சு, நாலு நாள். துளசியைப் பஞ்சு மூட்டையைப் பொரட்டற மாதிரி தோளைப் புடிச்சு இழுத்தா. துளசி கண்ணுல தண்ணி. அஞ்சாம் நாள் காத்தால நான் கதவையே தொறக்கலை. என்ற பொண்டாட்டியை எவளும் தொட வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு மேகலாகிட்டச் சொல்லிப்போட்டேன். சொல்றதுக்கு நல்லாத்தான் இருந்துது, மீசையைத் தடவிக்கிட்டுச் சொன்னேன். அப்ப அவ சொன்னா, சரிப்பா, உங்க இஷ்டம், ஆனா அம்மா உடம்புல ஒரே ஒரு புண்ணு வந்துச்சுன்னா அப்பறம் உங்க பேச்சை நான் கேக்க மாட்டேன். அதே ஒரே ஒரு புண்ணு. ஒரு ரூபா காசு அகலம். இன்னிக்கு அவ வாரா. கட்டு மாத்தற சிஸ்டரை நேத்தே வந்துட்டுப் போகச் சொல்லி, கொழந்தைகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தம்மா என்னையப் பாத்த பார்வை இருக்குதே. நாப்பது வயசுப் பொம்பளை எனக்குக் கொழந்தையாமா. மேகலா கேட்டா இன்னிக்குக் கட்டுத்துணி எல்லாம் நானே பாத்துக்கறேன், நீ பயணத்துல வந்தவ, படுன்னு சொல்லோணும். ரெண்டு நாள் அவ அந்தப் பக்கம் போகாம பாத்துக்கோணும். ஞாயித்துக்கெழமை ராத்திரி ரயிலு. ரெண்டு நாள். கள்ளக்கணக்கு எழுதறவனாட்டம் ரோசனை பண்ணிட்டு நிக்கறேன், சொந்தப் பொண்ணு வாரதுக்கு.

கூட்டிட்டுப் போயிட்டா என்ன. நல்லாத்தான் இருக்கும். ராத்திரி முழுசாத் தூங்கலாம். பத்து மணி பன்னண்டு மணின்னு அலாரம் இல்லை. நானும் கூடப் போகலாம்னு பாத்தா அங்க ஆம்பளைங்களுக்கு இடமில்லையாமா, விசிட்டிங் நேரத்துல போயிப் பாக்கலாமாமா. விசிட்டிங் நேரம். என்ற பொண்டாட்டியைப் பாக்க நான் சீட்டு வாங்கிட்டு நிக்கோணும். அவளுக்கு அங்க ஆரு தெரியும். சோத்துல உப்பு கொறைவுன்னு ஆருகிட்டச் சொல்லுவா. சுத்தி மெட்ராஸ்காரிங்க, இவ ஏனுங்க, வாங்கன்னா அதுங்க சிரிக்கும். சிரிச்சா இவ பேசறதை நிறுத்திருவா. அவ பேசறதை நிறுத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அந்த ரெண்டு வாரம் நான் பாத்திருக்கறேன். செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. எனக்குப் பயமா இருக்குது. இதைச் சொல்லிருவோமே, ஆருக்கும் கேக்காத மாடியிலயாவது சொல்லிருவோம், பயமா இருக்குது. அவ போயிட்டா இந்த வீட்டுல நான் எதுக்குத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறேன், எதுக்கு எந்திரிக்கறேன். ஆனா இன்னொண்ணும் இருக்குது. அந்தப் பக்கமா மனசு போகறப்பயெல்லாம் நான் அசுவினியைப் பாக்கறேன், எலையில சாம்பல் நோவு புடிச்சிருக்குதான்னு பாக்கறேன், அந்தப் பக்கம் போகறதில்லை. நாலரை மணி நேரம் இன்னொருக்கா ஆகாதுன்னு எவன் சொல்றது? போன வெள்ளிக்கெழமை நின்னுக்கிட்டே தூங்கிட்டேன், கையில தலகாணியோட. துளசி ஏனுங்கன்னு ஒரு கூப்பாடு போட்டா, முழிச்சுட்டேன். அது வாய் இருந்ததுனால. வாய் தூங்கிட்டிருந்தா? இப்ப ஒரு ரூபா காசு. அடுத்தது எத்தனை அகலம்? போதும். இந்தத் தொட்டியில ஆறு பூவு. கிள்ளு. ஒண்ணு. ரெண்டு.

கேட்டு சத்தம். இல்லை, எதுத்த வீடு. இல்லை, நம்ம கேட்டுதான், கீழ் தாப்பாளு எப்பவும் ரெண்டு தரம் இழுபடும். மணி பதினொண்ணே முக்கால். ஒரு மணிக்கு வர வேண்டிய ரயிலு இன்னிக்குப் பாத்து முன்னாடியே வந்துருக்குது, எவன்டா இந்த ரயிலை ஓட்டறது. ஆட்டோக்காரன் பெட்டியை எறக்கி வெக்கற சத்தம். அம்மான்னு கூப்பிடறா. நான் போகோணும். எறங்கிப் போயி, நீ மொதல்ல குளிச்சுட்டு வா கண்ணுன்னு சொல்லோணும். காலு வரலை. இருபத்திரண்டு படி, முழங்காலு வேற. போன தடவை எறங்கறப்ப பன்னண்டாவது படியில புடிச்சுக்கிட்டு நின்னேன். அது இல்லை. காலு வராததுக்குக் காரணம் முழங்காலு இல்லைன்னு காலுக்கே தெரியும். நான் இந்த வேட்டியில பூவைப் பரப்பிட்டுப் போறேன், பரப்பாம விட்டா ஒண்ணு மேல ஒண்ணு கெடந்து வேத்துப் போகும். ஒவ்வொண்ணா, தலைகீழா, தொடாம தொடாம. பரப்பறேன். கீழ பேச்சு சத்தம். மேகலா சிரிக்கறா. அப்பறம் சத்தம் நின்னுருச்சு. ரொம்ப நேரம் நின்னுருச்சு. பேன் சத்தம் கூடக் கேக்குது. ஒரு பூவைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கறேன். இதை எங்க வெக்கறதுன்னு தெரியலை.

போன் அடிக்குது. துளசி. மெதுவாப் பேசறா, எனக்குத் தெரிஞ்சு அவ மெதுவாப் பேசுனதே கெடையாது. மேகலா கை கழுவப் போயிருக்கறாளாமா. இங்க பாருங்க, புண்ணை நானே காட்டிட்டேனுங்கறா. ஏன்டி, ஏன்டி இப்படிப் பண்ணுனேன்னு நான் கேட்டா, நீங்க ரெண்டு நாளைக்கு மறைக்கற மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரிஞ்சா அவளுக்குத் தெரியாதாக்கும், அதைவிட நானே காட்டறது மேலுங்கறா. அதோட விட்டாளா. நான்தான் திரும்ப மாட்டேன்னு அடம் புடிச்சேன்னு சொல்லியிருக்கறேன், வலிக்குது, இப்படியே கெடக்கறேன், தொடாதீங்கன்னு உங்களை வெரட்டி விட்டுட்டேன்னு சொல்லியிருக்கறேன், நீங்களும் அதையே சொல்லுங்க, மாத்திச் சொல்லி மானத்தை வாங்காதீங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. நான் போனைப் பாத்துக்கிட்டே இருக்கறேன். இந்தப் பொம்பளை ஒரு நாள் பாலு பொங்கி வழிஞ்சாக்கூட அடுப்பு மேல பழி போடுவா, பாலு மேல போடுவா, என்ற மேல போடுவா. தன் மேல போட்டுக்கிட்டதே கெடையாது. பொண்ணுக்கு முன்னால எனக்காகப் போட்டுக்கிட்டா. எரிச்சலா வருது. ஏன்னே தெரியலை, கண்ணு எரியற அளவுக்கு எரிச்சலா வருது. படியில காலடி சத்தம். மேகலா ரெண்டு ரெண்டு படியா ஏறி வாரா, சின்னதுலிருந்தே அப்படித்தான்.

வந்து வாசல்ல நிக்கறா. கை ரெண்டும் ஈரம். வேட்டியில பரப்பியிருக்கற பூவைப் பாக்கறா, என்னையப் பாக்கறா. எளச்சுட்டீங்கப்பான்னு சொல்லலை, வழக்கமா அதுதான் மொதல் பேச்சு. "அம்மாதான் திரும்ப மாட்டேன்னாங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னு ஒரு சொல்லு. அதைச் சொன்னா முடிஞ்சுது. பிடிவாதக்காரி, உனக்குத் தெரியாதா உங்கம்மாவைன்னு கூட ஒண்ணு சேத்துச் சொன்னா அவ நம்பிருவா, நம்பறதுக்குத் தோதான ஆளுதான் துளசி. வாயைத் தொறந்தேன். "இல்லை கண்ணு. அவ பொய் சொல்றா. நான்தான் மறந்துட்டேன். இங்க உக்காந்து இந்தப் பூவைப் பிரிச்சுட்டிருந்தேன், நாலரை மணி நேரம்." இத்தனை நாளா நெஞ்சுல இருந்தது இவ்வளவுதானா, நாலு வார்த்தையில முடிஞ்சுருச்சு. மேகலா கத்துவான்னு பாத்தேன். கத்தலை. படியிலயே உக்காந்துட்டா. எங்கிட்ட ஏன்ப்பா சொல்லலைன்னு கேட்டா. சொன்னா நீ அவளைக் கூட்டிட்டுப் போயிருவியேன்னேன். அப்ப இப்ப மட்டும் ஏன் சொல்றீங்கன்னா. ரோசனை பண்ணி வெச்சிருந்தா நல்லாச் சொல்லியிருப்பேன். "அவ மேல பழியைப் போட்டுட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவ மூஞ்சியை எப்படிப் பாக்கறது"ன்னு வந்துது. மேகலா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அழுகறாளா என்னன்னு எட்டிப் பாக்கலை. அப்பன் பாக்கக் கூடாதது சிலது இருக்குது.

கீழ வந்தோம். மாடிப்படியில பேசுனா கட்டிலுக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும், அந்த நேரத்துல ஞாபகம் வரலை. துளசி என்னையப் பாத்த பார்வையில காலெண்டுலா வாடிப் போயிரும். "நாப்பத்தி மூணு வருசத்துல உங்களுக்காக ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையும் கெடுத்துப்போட்டீங்க"ன்னா. பன்னண்டு அடிச்சுது. அலாரத்தை அமத்திட்டுத் தலகாணியை எடுத்தேன். மேகலா நகருங்கப்பா, நான் திருப்பறேன்னு தோளைப் புடிக்கப் போனா. தோளைத் தொடாதேன்னு போட்டேன் ஒரு சத்தம். இடுப்புக்கு அடியில ஒரு கை, முழங்காலை மொதல்ல மடக்கு, விரிப்பைச் சேத்துப் புடி, உன் பக்கமா இழுக்காதே, உருட்டு. நான் அந்தப் பக்கம் புடிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் துளசி திரும்பிட்டா. அவ்வளவுதான். முக்கலை, மொனகலை, என்ற குறுக்குல ஒரு சுளுக்குக் கூட இல்லை. எட்டு மாசமா நான் மலையைப் பொரட்டறவனாட்டம் தனியாப் பொரட்டிட்டிருந்தேன், ரெண்டு பேரு புடிச்சா இத்தனை சுளுவா இருக்குமாங்கறதை ஒருத்தரும் எனக்குச் சொல்லலை. சொன்னாங்க. நான் கேக்கலை. மேகலா புண்ணைச் சுத்தி விரலால தொட்டுப் பாத்துட்டு, போர்வையை இழுத்து விட்டுட்டு நிமுந்தா. குரல் அவங்கம்மா குரலாட்டம் இருந்துது. "ஆள் வெக்கறேன்ப்பா. பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. நீங்களே சொல்லிக் குடுங்க, உங்களுக்குப் புடிக்கலைன்னா மாத்துவோம், ஆனா கதவைச் சாத்தக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா அம்மா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா ஞாயித்துக்கெழமை என்கூட வாராங்க." துளசி கண்ணை மூடிக்கிட்டா, ஆனா தூங்கலை, எமை துடிக்குது. வேத்து ஆளு தொட்டா அவளுக்கு ஆகாது, எனக்குத் தெரியும். என்ற பொண்டாட்டியை எவளும் தொட வேண்டாம்னு நான் சொல்றதுக்குத்தான் மேகலா காத்துட்டு நிக்கறான்னும் தெரியும். வெரலெல்லாம் பிசினா ஒட்டிக்கிட்டு விலக மாட்டேங்குது. துளசியோட கை என்ற வேட்டி மடிப்பைப் புடிச்சுது, நல்ல கை, இடது கை. புடிச்சு ஒருக்கா இழுத்துது, சரின்னு சொல்லுங்கங்கற மாதிரி.

"வெய்யி"ன்னேன். "ரெண்டு பேரையும் வெய்யி, கண்ணு."